ஒரு பொங்கல் முதல் மறு பொங்கல் வரை வாங்காமல் இருந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், அத்தை, எட்டாவது படிக்கிற மகள், மூன்றாவது படிக்கிற மகன். ஒரு தை முதல் தேதி தொடங்கி அடுத்த தை வரை அவசியம் தவிர எதையும் வாங்குவதில்லை என்று இருந்து பார்த்தோம். விஷயம் வெளியே தெரிந்ததும் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், கல்யாணப் பந்தியில், குடும்ப வாட்ஸ்அப்பில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்தது இது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஒண்ணுமே வாங்காம எப்படிங்க இருக்க முடியும்? அரிசி பருப்பு கூடவா?

அரிசி, பருப்பு, காய்கறி, பால், மருந்து, பள்ளிக்கூடச் செலவு, பெட்ரோல் எல்லாம் வழக்கம் போலத்தான். துணி, நகை, பாத்திரம், செருப்பு, பொம்மை, மேக்கப் சாமான், போன் சம்பந்தப்பட்ட பொருட்கள், வீட்டு அலங்காரம் இவை கிடையாது. சோப்பு தீர்ந்தால் சோப்பு வாங்கலாம். தீராத சோப்பு மூன்று இருக்கும்போது புது வாசனையில் நான்காவது வாங்கக் கூடாது. மகனுக்குக் கால் வளர்ந்து பள்ளி ஷூ பத்தவில்லை, வாங்கினோம். அதில் சர்ச்சை எதுவும் இல்லை.

இரண்டுங்கெட்டான் பொருட்கள்தான் பெரிய சண்டை. ஹேர் கிளிப் அவசியமா என்று எனக்கும் மகளுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சீப்பு டப்பா, பள்ளிப் பை, குளியலறை ஜன்னல் என்று தேடியதில் 19 கிளிப் கிடைத்தது. உங்கள் வீட்டு விதியை நீங்களே போடுங்கள். ஆனால் முதல் நாளே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்ன விதி கடை வாசலில் மாறிவிடும்.

எத்தனை நாள் இருக்கணும்? ஒரு வருஷமெல்லாம் என்னால ஆகாது.

ஒரு மாதம் போதும். ஆனால் சாதாரண மாதமாகப் பார்த்து எடுக்காதீர்கள். மார்கழியில் இருந்து காட்டுவது சுலபம்; ஆடியில் இருந்து பாருங்கள்.

கனடாவின் வான்கூவரில் 1992இல் 'எதுவும் வாங்காத நாள்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இப்போது பல நாடுகளில் நவம்பர் கடைசியில், அங்கே தள்ளுபடிக் கூட்டம் அலைமோதுகிற அதே வெள்ளிக்கிழமையில், அதை அனுசரிக்கிறார்கள். ஒரே ஒரு நாள்தான். என் அனுபவத்தில் ஒரு நாள் இருந்தால் மறுநாள் சேர்த்து வாங்கத் தோன்றும். ஒரு மாதம் இருந்தால்தான் நம் பழக்கமே நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. நாங்கள் ஒரு வருஷம் என்று வைத்ததற்கு ஒரே காரணம், எல்லாப் பண்டிகையையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும் என்பதுதான்.

முதல்ல எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பீரோவிலிருந்து. எங்களுக்கு எண்ணமே போகி அன்றுதான் வந்தது. பழையதைக் கழிக்கலாம் என்று பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். சேலை 64. அதில் பிளவுஸ் தைக்காமல் கிடந்தவை 11. பிரிக்காத பாலித்தீன் உறையோடு பெட்ஷீட் 5. கணவரின் டி-ஷர்ட் 29, அவர் போடுவது என்னவோ அந்தச் சாயம்போன நீலம் ஒன்றைத்தான். தண்ணீர் பாட்டில் 14. வெற்றிலை பாக்கோடு வந்த ரவிக்கைத் துணி 37. இந்த ரவிக்கைத் துணி ஒரு தனி ரகம். யாரும் தைப்பதில்லை. ஒரு வீட்டு நவராத்திரியில் கிளம்பி, நான்கு வீடு சுற்றி, அடுத்த வருஷம் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து போன ஒரு மயில் பச்சைத் துணியை மடிப்பில் இருந்த மஞ்சள் கறையை வைத்து அத்தை அடையாளம் கண்டுபிடித்தார்.

எண்ணிக்கையை எழுதுங்கள். சும்மா பார்த்தால் "நிறையத்தான் இருக்கு" என்று மூடிவிடுவோம். 11 என்று எழுதினால் உறுத்தும். அந்த 11 சேலையையும் வாங்கும்போது எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியிருப்பேன்! கடையில் கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்தேன், பில் போட்டேன், வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அத்தோடு ஆசை தீர்ந்துவிட்டது. உடுத்துகிற வேலை பாக்கி. ஆகவே வாங்காத வருஷத்தின் முதல் செலவு தையற்காரருக்குப் போனது: 11 பிளவுஸ், சேலை ஓரத்துக்கு ஃபால்ஸ் தனி. அந்த வருஷம் அலுவலகத்தில் "என்ன, புதுச் சேலையா?" என்று என்னிடம் கேட்டது போல அதற்கு முன் எந்த வருஷமும் கேட்டதில்லை.

தள்ளுபடியில வாங்கினா மிச்சம்தானே? ஆடியை எப்படிங்க விடறது?

ஆடியில் கல்யாணம் காட்சி கிடையாது, கடை ஈயோட்டும். தீபாவளிச் சரக்கு வருவதற்குள் தேங்கியதைத் தள்ளியாக வேண்டும். அதுதான் ஆடித் தள்ளுபடி. கடைக்காரர் பக்கம் அது சரியான கணக்கு. நம் பக்கம்தான் கணக்கு இடிக்கிறது. 3,000 ரூபாய்ச் சேலை 1,500க்குக் கிடைத்தால் 1,500 மிச்சம் என்கிறோம். பையிலிருந்து போனதும் 1,500தான்.

நல்ல தள்ளுபடி இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். பங்குனியிலேயே "பெட்ஷீட் இரண்டு கிழிந்துவிட்டது" என்று எழுதி வைத்து, ஆடி வரை பொறுத்து, அந்த இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர் கெட்டிக்காரர். ஜவுளிக்கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பக்கம் போய்விட்டு அப்படித் திரும்பி வந்த ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

கடைக்குப் போகாம இருந்துடலாம். போன்ல வர்றதை எப்படி நிறுத்தறது?

இதுதான் உண்மையான கேள்வி. ஆடி வருஷத்துக்கு ஒரு முறை. போனில் தினமும் ஆடி.

நாங்கள் செய்தவை. கடை ஆப் எல்லாவற்றையும் நீக்கினோம். தேவை என்றால் பிரவுசரில் போய் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு போட்டு நுழைய வேண்டும். அந்த இரண்டு நிமிஷ எரிச்சலிலேயே பாதி ஆசை இறங்கிவிடும். சேமித்து வைத்திருந்த கார்டு எண்களை அழித்தோம். விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் வராமல் இருக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்தோம். பத்து நிமிஷத்தில் கொண்டு வந்து தருகிற ஆப்பை நீக்கக் கணவர்தான் ரொம்ப யோசித்தார். கொத்தமல்லிக்கு உள்ளே போய் வாசனை மெழுகுவர்த்தியோடு வெளியே வருகிறவர் அவர்தான்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கை சும்மா இருக்காததற்கு முழுக்க நாம் மட்டும் காரணமில்லை. "இன்னும் 2 மட்டுமே உள்ளது", ஓடுகிற கடிகாரம், நாம் சேர்க்காமலே கூடையில் ஏறுகிற பொருள், "வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்த விருப்பமில்லை" என்று நம்மைக் கூச வைக்கிற பொத்தான் எல்லாம் திட்டம் போட்டுச் செய்தவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்து வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பட்டியலை வைத்துக்கொண்டு நம் போனைப் பார்த்தால் பழைய நண்பர்களைப் பார்ப்பது போல இருக்கும். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வட்டியில்லா தவணைதானே, மொத்தமா கையை விட்டுப் போகலையே?

2013லேயே ரிசர்வ் வங்கி, பூஜ்யம் சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி இருக்கும், அதைத் தள்ளுபடி என்ற பெயரில் கழித்துக் காட்டுவார்கள், அல்லது மொத்தப் பணம் கொடுத்தால் கிடைக்கக்கூடிய சலுகை நமக்குக் கிடைக்காது. கிரெடிட் கார்டு தவணையில் அந்த வட்டித் தொகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. பரிசீலனைக் கட்டணம் என்று ஒன்றும் வரலாம்.

தவணை தவறி கார்டில் பாக்கி நின்றால் கதை வேறு. மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்று வைத்தாலும் 20,000 ரூபாய்க்கு 700 ரூபாய், மாதா மாதம். உங்களுக்கு ஏற்கனவே அப்படிப் பாக்கி இருந்தால் இந்த வாங்காத மாதத்தில் மிஞ்சுகிற ஒவ்வொரு ரூபாயும் முதலில் அங்கேதான் போக வேண்டும். மற்ற சேமிப்பெல்லாம் அப்புறம்.

சாமான் உடைஞ்சு போனா என்ன பண்றது?

சரி பண்ணுங்கள். முடியாவிட்டால் இரவல். அதுவும் முடியாவிட்டால் வாங்கலாம், பழையது வீட்டைவிட்டு வெளியே போன பிறகு.

எங்கள் மிக்ஸி சித்திரையில் நின்றது. மோட்டார் ஓடுகிறது, ஜார் சுற்றவில்லை. நான் புதுசு வாங்கும் தீர்மானத்துக்கே வந்துவிட்டேன், எட்டு வருஷ மிக்ஸி, போகட்டும் என்று. அத்தை ஜாரைத் திருப்பிக் காட்டினார். அடியில் இருக்கிற ரப்பர் கப்ளரில் பல் எல்லாம் மழுங்கி, நடுவில் வட்டமாகத் தேய்ந்திருந்தது. தெருமுனை ரிப்பேர்க் கடைக்காரர் அதைத் திருகிக் கழற்றி, புதியதைப் போட்டு, பிளேடைச் சாணை பிடித்து, ஜார் வாஷரையும் மாற்றி 180 ரூபாய் வாங்கினார். கார்பன் பிரஷ் தேய்ந்து நிற்பதும் இதே மாதிரிதான், சின்ன வேலை. குக்கர் விசில், கேஸ்கெட், குடைக் கம்பி, பையின் ஜிப், செருப்பு வார் எல்லாவற்றுக்கும் இன்னும் ஆள் இருக்கிறார்கள். நாம்தான் அந்தத் தெரு வழியாக நடப்பதில்லை.

தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கலைன்னா பிள்ளைங்க ஏங்கிப் போயிடாதா?

பிள்ளைகளுக்கு எடுத்தோம். ஆளுக்கு ஒரு ஜோடி. ஓரத்தில் மஞ்சள் தடவி, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அந்தத் துணியைக் கையில் கொடுக்கிற நிமிஷம் எனக்கே வேண்டும். அதை விட நான் தயாராக இல்லை. பெரியவர்கள் மூன்று பேரும் எடுக்கவில்லை. நான் அந்தப் 11இல் ஒன்றைக் கட்டிக்கொண்டேன்.

முன்பெல்லாம் தீபாவளிக்குத் துணி, பிறந்தநாளுக்குத் துணி, பொங்கலுக்குத் துணி, சும்மா போன இடத்தில் பார்த்த துணி. அப்படி இருக்கும்போது தீபாவளித் துணிக்கு என்ன மதிப்பு? இந்த வருஷம்தான் என் மகன் ராத்திரி தலைமாட்டில் சட்டையை வைத்துக்கொண்டு தூங்கினான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது செய்தது அது. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கொலுவுக்கு வருஷா வருஷம் ஒரு பொம்மையாவது சேர்க்கணுமே?

பல வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் மகளும் அத்தையும் சேர்ந்து களிமண்ணில் ஒரு ஜிகர்தண்டா கடை செய்தார்கள். கடைக்காரருக்கு மூக்கு விழுந்துவிட்டது. இருந்தாலும் வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

அட்சய திருதியைக்குக் குண்டுமணி தங்கமாவது வாங்கணும்பாங்க. தங்கம் செலவு இல்லையே, சேமிப்புதானே?

தங்கம் சேமிப்பு. நகை பாதிச் செலவு. ஒரு லட்ச ரூபாய்த் தங்கம் உள்ள நகைக்குச் செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 1,12,000. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 3,360. மொத்தம் 1,15,360. மறுநாளே திருப்பி விற்றால் தங்கத்துக்கு உண்டான விலைதான் வரும். 15,360 ரூபாய் போனது போனதுதான். விலை ஏறி அது ஈடாகும் வரை நீங்கள் சேமித்தது எதுவும் இல்லை.

மகள் கல்யாணத்துக்கு நகை வேண்டும் என்று வாங்குவது வேறு. அது தேவை, அதற்கு இந்தக் கணக்கு ஒட்டாது. "நாள் நல்ல நாள்" என்று வரிசையில் நின்று கால் பவுன் தோடு வாங்குவதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அத்தை கல் உப்பும் மஞ்சளும் வாங்கி வைத்தார். அதுவும் வழக்கம்தான், இதுவும் ஐசுவரியம்தான் என்று அவரே சொல்லிவிட்டதால் எனக்கு வாதாடுகிற வேலை மிச்சம்.

மொய், சீரெல்லாம்? அதை நிறுத்த முடியாதே.

நிறுத்தக் கூடாது. மொய் நோட்டு நம் கணக்கு மட்டுமில்லை, எதிர்வீட்டுக் கணக்கும். அவர்கள் நம் வீட்டு விசேஷத்துக்குச் செய்ததைத் திருப்பாமல் "நாங்க இந்த வருஷம் வாங்கறதில்லை" என்று நின்றால் அது எளிமை ஆகாது, பாக்கி.

பணமாகச் செய்தோம், பொருளாகச் செய்யவில்லை. சுவர்க் கடிகாரம், கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளையார், டின்னர் செட் எதுவும் இல்லை. கிரகப்பிரவேசத்துக்குப் போகும்போது பலகாரம் செய்து எடுத்துப் போனோம். நாத்தனாருக்கு மட்டும் பொங்கல் சீரில் சேலை உண்டு. அதை ரொக்கமாக மாற்றலாமா என்று கணவர் கேட்டார். அத்தை பார்த்த பார்வையில் அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

சொந்தக்காரங்க கஞ்சம்னு பேசறாங்களே, அதை எப்படித் தாங்கறது?

பேசினார்கள். வைகாசியில் ஒரே சேலையை மூன்று கல்யாணத்துக்குக் கட்டினேன். மூன்றாவது கல்யாணத்தில் சித்தி ஒருவர், "ஏம்மா, ஆபீஸ்ல சம்பளம் சரியா போடறாங்களா?" என்று என் காதில் கேட்டார். அன்றைக்குக் கூசியது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்புறம் யோசித்தேன், போன கல்யாணத்தில் அந்தச் சித்தி என்ன சேலை கட்டியிருந்தார்? எனக்கு நினைவில்லை. போட்டோ ஆல்பத்தில் பார்த்தால்தான் தெரிந்தது, அவரும் அதே அரக்கு பட்டுதான். எல்லாரும் தங்கள் சேலையை மட்டுமே கவனித்துக்கொண்டு, மற்றவர்கள் தங்களைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று மட்டும் செய்தேன்: கஞ்சம் என்ற பேச்சுக்கு இடம் வராத மாதிரி வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. பந்தியில் குறையாத வீட்டைக் கஞ்சம் என்று யாரும் ரொம்ப நாள் சொல்ல முடியாது.

எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார். நான் மட்டும் இருந்தா பிரயோஜனம் உண்டா?

உண்டு. அவர் வாங்குவதைக் கண்காணிக்கிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் முதல் மாதம் அதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்கள் கையில் இருப்பது உங்கள் பீரோ. எங்கள் வீட்டில் அவர் மனம் மாறியது என் பேச்சினால் இல்லை. மூன்றாவது மாதக் கடைசியில் கணக்கில் பணம் மீதி இருந்ததைப் பார்த்துத்தான்.

நடுவுல தவறி வாங்கிட்டேன். எல்லாம் போச்சா?

நானும் வாங்கினேன். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, ஆறு கண்ணாடி டப்பா, மூங்கில் மூடி போட்டது. ஆப் இல்லை, பாஸ்வேர்டு போட்டு நுழைந்தேதான் வாங்கினேன், அத்தனை வேகம். வந்து சேர்ந்ததில் இரண்டு உடைந்திருந்தது. மீதியைப் புளி, வெல்லம் வைக்க எடுத்துக்கொண்டு அடுக்களை அலமாரியைத் திறந்தால் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் நான்கு, கழுவிக் கவிழ்த்தபடி.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். அலுவலகத்தில் நான் செய்த வேலைக்கு வேறொருவர் பெயர் வாங்கியிருந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது டப்பா இல்லை. அடுத்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். வாங்கத் தோன்றுகிற பொருள், தேதி, மணி, அன்றைக்கு என்ன நடந்தது, இவ்வளவுதான். வருஷக் கடைசியில் 68 பொருள் சேர்ந்திருந்தது. அதில் 41 ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எழுதியவை. பசிக்காமல் சாப்பிடுகிற நேரமும் அதேதான். இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த மணிக் கணக்குதான், பணம் இரண்டாவது. ஆகவே தவறினால் நிறுத்தாதீர்கள், எழுதுங்கள்.

பணம் எவ்வளவு மிச்சமாச்சு, உண்மையைச் சொல்லுங்க.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் மிஞ்சவில்லை. துணிக்குப் போகாத பணம் ஹோட்டலுக்குப் போனது. "துணிதான் எடுக்கலையே, வெளியில சாப்பிடலாம்" என்று ஞாயிறுதோறும் ஒரு சமாதானம். இது எல்லா வீட்டிலும் நடக்கும், எச்சரிக்கையாக இருங்கள். மூன்றாவது மாதம் சம்பளம் வந்த மறுநாளே 6,000 ரூபாய், மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. சேமிப்புக்குத் தானாகப் போகிற மாதிரி செய்தோம். கண்ணில் படாத பணம்தான் மிஞ்சியது.

எல்லாரும் இப்படி இருந்தா நெசவாளி, கடையில வேலை பார்க்கிற பொண்ணுங்க கதி என்ன?

நல்ல கேள்வி, எனக்கு முழுப் பதில் கிடையாது. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான். நாம் வாரி வாரி வாங்கிய காலத்திலும் அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். வியாபாரம் பெருகினால் அவர்கள் நிலைமை தானாக உயரும் என்பதை நான் நம்பவில்லை. வியாபாரம் படுத்தால் முதல் அடி அவர்களுக்குத்தான் என்பதும் உண்மை.

நெசவாளி விஷயம் வேறு. என் 64 சேலையில் கைத்தறி எத்தனை தெரியுமா? ஏழு. மீதி பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிற மாதிரி செயற்கை நூல் சேலைகள். நான் வாங்குவதை நிறுத்தியதால் எந்தக் கைத்தறி நெசவாளியும் நஷ்டப்படவில்லை. அவரை நான் எப்போதோ கைவிட்டிருந்தேன். எங்கள் ஊர்ச் சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அச்சடித்த புள்ளி வட்டமாக, ஒரே மாதிரி இருக்கும். முடிச்சுப் புள்ளி கோணலாக இருக்கும், தடவினால் மேடு தெரியும். வருஷத்துக்கு ஆறு மலிவுச் சேலைக்குப் பதில் இப்படி ஒன்று, பேரம் பேசாமல். கைத்தறிக் கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸ் 1935லிருந்து இருக்கிறது, தீபாவளி நேரத்தில் அங்கேயும் தள்ளுபடி உண்டு.

இல்லாதவங்க தினமும் இப்படித்தானே இருக்காங்க? இது வசதி உள்ளவங்க விளையாட்டு இல்லையா?

ஆமாம். 64 சேலை வைத்துக்கொண்டு 65ஐ வாங்காமல் இருப்பதில் தியாகம் எதுவும் கிடையாது. இதைச் சாதனையாக யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கே விதி போட்டுக்கொண்டேன். (இதை எழுதியதால் அந்த விதியும் போனது.)

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இல்லாதவர்களையும் யாரும் சும்மா விடுவதில்லை. வாரத் தவணைக்குப் பெட்ஷீட்டும் பாத்திரமும் வண்டியில் கொண்டு வருகிறவரிடம், எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா ஒரு குக்கர் வாங்கினார். மொத்தம் கூட்டிப் பார்த்தால் கடை விலையைவிட ஒன்றரை மடங்கு. பணம் ஒன்றாகச் சேராததால் அவருக்கு அது வழி. அவரிடம் போய் நான் 'குறைவாக வாழ்வது எப்படி' என்று பேசினால் குக்கர் மூடி பறக்கும், நியாயமாக.

மனசு நிறைவாவே இருந்துச்சா, இல்ல சும்மா சொல்றீங்களா?

"போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியவர்கள் ஒன்பது பேர். அப்படி எந்த மருந்தும் வேலை செய்ததாகத் தெரியவில்லை. ஆவணி வரை எரிச்சலாகத்தான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவு வெற்றிடம். கடைக்குப் போவது எங்கள் வீட்டில் பொழுதுபோக்காக இருந்திருக்கிறது, அது எனக்கு அன்றுவரை தெரியாது.

அப்புறம் மெல்ல வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. மகளும் நானும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தோம். பீரோ கதவைத் திறந்தால் சரியாமல் நின்றது. என்னிடம் என்ன இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. காலையில் சேலை எடுக்க இரண்டு நிமிஷம்தான். பேரானந்தம் எல்லாம் கிடையாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவின பிறகு வேறு எதுவும் வேண்டாம் போல இருக்குமே, அந்த மாதிரி. சில நாள் மட்டும்.

வருஷம் முடிஞ்சதும் எல்லாத்தையும் சேர்த்து வாங்கிட்டீங்களா?

நோட்டை எடுத்து வைத்து 68ஐயும் படித்தோம். பல பொருள் எதற்கு என்றே புரியவில்லை. 'வாழைப்பழம் வெட்டும் கருவி' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடித்தது போக இன்னும் வேண்டும் என்று நின்றவை ஏழு.

பித்தளை இடியாப்ப உரல் வாங்கினோம். பழையதின் கைப்பிடி முறுக்கிக்கொண்டதால் வருஷம் பூராவும் எதிர்வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிக்கொண்டிருந்தேன். புதியதைப் பார்த்துவிட்டு அவர், "ஏன், நான் தர மாட்டேன்னா சொன்னேன்?" என்று கோபித்துக்கொண்டார், சமாதானம் செய்ய இரண்டு தட்டு இடியாப்பம் ஆனது. மகனுக்குக் கால்பந்து. அத்தைக்கு முழங்கால் வலிக்கு ஏற்ற செருப்பு. எனக்கு ஒரு முடிச்சுச் சுங்குடி, அரக்கு. கணவருக்கு டி-ஷர்ட் இரண்டு, அந்த நீலம் ஒரு வழியாகக் கிழிந்ததால். மகளுக்கு மேஜை விளக்கு. ஏழாவது குடை. அது மட்டும் இன்னும் வாங்கவில்லை. மதுரையில் மழை வரட்டும், பார்க்கலாம்.